ஆடுபுலி ஆட்டம்: வெற்றி விதியும் வியூகமும்

மதுரைச் சுற்றுவட்டாரத்திலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் நெடுங்காலமாக ஆடப்பட்டுவரும் இருவர் ஆட்டம் ஆடுபுலி. ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. போதிய ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. மூன்று புலிகளையும் நகரவிடாமல் அடைத்தால் ஆட்டுக்கு வெற்றி. சதுரங்கத்தில் இரு தரப்பும் ஒரே இலக்கைத்தான், எதிரி ராஜாவைத்தான், குறிவைக்கின்றன. இங்கே ஒரே களத்தில் இரண்டு வெற்றி விதிகள். ஆட்டத்தின் உத்தி முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது.

வைகைக் கரையில் ஆட்டக்காய்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பகடை அதிர்ஷ்டத்தை நம்பியது; ஆடுபுலியில் அதற்கு இடமே இல்லை. தமிழகத்தின் பழைய கோயில் மண்டபத் தரைகளில் இத்தகைய ஆட்டங்களின் கோடுகள் கல்லில் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். மண்டபத்தின் காலத்தையே கோட்டின் காலமாகக் கொள்வது தவறு. கட்டி முடித்துப் பல நூற்றாண்டு கழித்தும் யாரேனும் வெட்டியிருக்கலாம். ஊர்ப்புறத்தில் கல்லும் தேவையில்லை: தரையில் கரிக்கோடு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கூழாங்கல் போதும்.

முக்கோணக் களத்தில் கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும்; பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ தொடக்கம் முதலே நகரும். அடுத்துள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பால் உள்ள காலிப் புள்ளியில் குதித்து வெட்டும். ஆகவே ஆட்டுக்காரர் முதலில் கற்பது பின்பலம். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் முன்னதைத் தாண்ட முடியாது. கோட்டின் கடைசிப் புள்ளியில் நிற்கும் ஆட்டையும் அந்தக் கோட்டின் வழியே வெட்ட இயலாது. அதனால் தேர்ந்தவர்கள் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி நெருக்குவார்கள்.

கணக்கு எளிது, அதன் விளைவு ஆழமானது. 18 காய்களும் களத்தில் இருந்தால் 5 புள்ளிகளே காலி. ஓர் ஆடு போனால் 6, ஐந்து போனால் 10. வெட்டப்படும் ஒவ்வோர் ஆடும் புலிக்கு மூச்சுவிட இடம் தருகிறது. புலிக்காரர் வெட்டுவது எண்ணிக்கைக்காக மட்டுமல்ல, இடத்துக்காகவும்தான்.

எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயிக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்வதும் உண்டு. இந்த ஓர் எண் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. எல்லா ஆடுகளையும் வெட்ட வேண்டும் என்றால், ஆட்டுக்காரர் ஓர் ஆட்டைத் துணிந்து பலிகொடுத்து, குதித்த புலியை மூலையில் மடக்கலாம். ஐந்தே போதும் என்றால் பலிகொடுக்க நான்குக்கு மேல் இல்லை. அந்த நான்கையும் எண்ணித்தான் செலவிட வேண்டும். ஆடுபுலியின் உண்மையான நுட்பம் இங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இதே குடும்பத்து ஆட்டங்கள் பல நாடுகளில் உண்டு. இலங்கைச் சிற்றூர்களின் சிறுத்தை ஆட்டங்களை ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியான தம் நூலில் விவரித்தார். எச்.ஜே.ஆர். முர்ரே 1952இல் இவற்றை வேட்டை ஆட்டங்கள் என்று வகைப்படுத்தினார். நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். ஐந்து ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி. ஆடு ஒன்றும் வெட்டுப்படாவிட்டால் அங்கே காலியாக இருப்பது ஒரே புள்ளி. எனவே புலி ஆடுகள் இறங்கும்போதே வெட்டத் தொடங்கியாக வேண்டும். மதுரைப் புலிக்குக் காத்திருக்க இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.