ஹார்ட் டிஸ்க்கில் போன ஐஐடி பாடங்கள்

மயிலாப்பூர்ல பரதநாட்டிய வகுப்பு நடத்துற ஒரு தோழி போன வாரம் கேட்டாங்க: "சொந்தமா சர்வர் எடுத்து எங்க வீடியோவெல்லாம் போடணும். எத்தனை ஜிபி ரேம் வேணும்?"

எல்லாரும் ரேம்லதான் ஆரம்பிப்போம். 2020 லாக்டவுன்ல நானும் அப்படித்தான். 16 ஜிபி ரேம் இருக்கேன்னு ஒரு சர்வர் எடுத்தேன். முப்பது பேர் பார்க்க வந்ததுமே வீடியோ சுத்திக்கிட்டு நின்னுடுச்சு. ரேம் பாவம், சும்மாதான் இருந்தது. ஒருத்தருக்கு 4 எம்பிபிஎஸ்னா முப்பது பேருக்கு 120. நான் எடுத்த லைனோ 100.

இதே கணக்கை நம்ம அடையாறு பக்கத்துல, சென்னை ஐஐடி இருபது வருஷத்துக்கு முன்னாடியே போட வேண்டியிருந்தது. என்பிடெல் கதையைச் சொல்றேன். 1999-ல் உருவான யோசனை. 2003-ல் மத்திய அரசு நிதியோட வேலை தொடங்கியது. ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்த திட்டம், ஒருங்கிணைப்பு சென்னையில் இருந்து. ஊர் ஊரா பொறியியல் கல்லூரி முளைச்சிருந்த காலம். கட்டடம் இருந்தது, பாடம் நடத்த ஆள் போதலை. நல்ல பேராசிரியர்களோட வகுப்பைப் படம்பிடிச்சு எல்லாருக்கும் இலவசமா கொடுப்போம் என்பதுதான் நோக்கம்.

படம் எடுத்தாச்சு. எப்படி அனுப்புறது?

ஒரு மணி நேர வகுப்பை 512 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கினதா வச்சுக்குங்க. கிட்டத்தட்ட 230 எம்பி. 56கே மோடத்துல அதை இறக்க ஒன்பது மணி நேரம் ஆகும். 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் இன்டர்நெட்டைத் திறந்தப்போ கிடைச்ச 9.6 கேபிபிஎஸ்ல கேட்கவே வேண்டாம், ரெண்டு நாளுக்கு மேல. சரி, பிராட்பேண்ட் வந்துச்சே? 2004-ல் அரசு கொள்கை பிராட்பேண்டுன்னு சொன்னதே 256 கேபிபிஎஸ்ஸைத்தான். ஒரு மணி நேர வகுப்புக்கு ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும். இது பார்க்கிறவர் பக்கம். அனுப்புற பக்கம், ஒரே நேரத்துல 500 பேர் பார்த்தா 256 எம்பிபிஎஸ் வெளியே போகணும். எவ்வளவு பெரிய சர்வர் வாங்கி வச்சாலும் வாசல் குறுகல்.

அதனால சுத்து வழிகள். 2003 ஜனவரி 26-ல் தொடங்கின ஏகலைவா டிவி சேனல்ல பாடங்கள் ஓடின. டிவிக்கு எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் செலவு ஒண்ணுதான். ஆனா நிறுத்தி, திருப்பிப் பார்க்க முடியாது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு வழி: ஹார்ட் டிஸ்க். பாடங்களை மொத்தமா அதுல ஏத்தி கல்லூரிகளுக்குக் கொடுத்தாங்க. கல்லூரி அதைத் தன் சர்வர்ல போட்டுடும். பசங்க லேன்ல பார்ப்பாங்க. வெளி இன்டர்நெட்டே வேண்டாம். இன்னைக்கு சிடிஎன்னு மாசக் கட்டணம் வாங்கிட்டுச் செய்றாங்களே, பார்க்கிறவர் பக்கத்துலேயே ஒரு நகல் வைக்கிறது, அதே வேலைதான். பெட்டியில வச்சு கையில தூக்கிட்டுப் போன சிடிஎன்!

அப்புறம் 2008 வாக்குல பாடங்கள் யூடியூபுக்குப் போச்சு. லைன் செலவு, நெட் வேகத்துக்கு ஏத்த மாதிரி பல அளவுல வீடியோவை மாத்தி வைக்கிற சிபியு வேலை, எல்லாம் அவங்க தலையில. லைப்ரரியில சீட் பிடிக்கக் காத்திருந்த பையன் ஹாஸ்டல் ரூம்லேயே பார்க்கலாம். பொதுப்பணத்துல எடுத்த பாடம் ஒரு தனியார் கம்பெனி வாசல் வழியாப் போகுதேன்னு எனக்கு உறுத்தல் உண்டு. ஆனா அன்னைக்கு அந்த நாற்காலியில நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

தோழி விஷயத்துக்கு வர்றேன். "ஒரே நேரத்துல எத்தனை பேர் பார்ப்பாங்க?"ன்னு கேட்டேன். இருபது மாணவிகள், அவங்க வீட்டுக்காரங்க; அதிகபட்சம் நாற்பது. 720பி போதும், ஆளுக்கு 2 எம்பிபிஎஸ், மொத்தம் 80. லைன் 200 இருந்தா தாராளம், ரேம் 4 ஜிபியே போதும். வீடியோவை முன்னாடியே வீட்டு லேப்டாப்ல சுருக்கி ஏத்திட்டா பெரிய சிபியுவும் வேண்டாம். மாசத்துக்கு எத்தனை டெராபைட் வெளியே போகலாம்னு பிளான்ல சின்ன எழுத்துல போட்டிருக்கும், அதைப் படிங்கன்னேன்.

"அரங்கேற்றத்தன்னைக்கு அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க ஐந்நூறு பேர் வந்தா?"ன்னாங்க.

அன்னைக்கு ஒரு நாள் யூடியூபுக்குப் போங்க.