சினிமாவுக்கு அடிக்குறிப்பு

தமிழில் சினிமாவைப் பற்றி எழுதுகிறவருக்குப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தைப் பற்றி எழுதும்போது காதையும் வரி எண்ணும் தருகிறவர், எந்தப் பதிப்பு என்றுகூடச் சொல்கிறவர், சினிமாவுக்கு வந்ததும் ‘சிவாஜி ஒரு படத்தில் சொல்வாரே’ என்று ஆரம்பித்துவிடுகிறார். ஞாபகமே ஆதாரமாகிவிடுகிறது.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். ‘பராசக்தி’ (1952) பற்றிய அத்தியாயத்துக்கு அடிக்குறிப்பு எப்படிப் போடுவது சார், என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டார். அவரிடம் கேட்பது ஏ.பி.ஏ. முறை. நூலாசிரியர் பெயர் வரும் இடத்தில் அந்த முறை இயக்குநரை வைக்கிறது. அதன்படி ‘பராசக்தி’ கிருஷ்ணன்-பஞ்சுவின் படைப்பு. தமிழ்நாட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? மூலம் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம், வசனம் மு. கருணாநிதி, கதாநாயகனுக்கு அது முதல் படம். எம்.எல்.ஏ. முறை (சட்டசபைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) படத்தின் பெயரை முதலில் வைக்கிறது; ஒருவருடைய பங்கைப் பற்றித்தான் பேச்சு என்றால் அவர் பெயரில் தொடங்கவும் இடம் தருகிறது; மணி, நிமிடம், விநாடி குறிக்கச் சொல்கிறது. வசனகர்த்தாவின் பெயரால் படம் வாழ்ந்த ஒரு மொழிக்கு இது சற்றுப் பொருந்தும். படம் யாருடையது என்ற விமர்சனக் கேள்விக்கு அடிக்குறிப்பின் முதல் சொல்லே பதில் சொல்லிவிடுகிறது என்பதை நம் பல்கலைக்கழகங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் என் சந்தேகம் வேறு. அவர் மேற்கோள்களை எடுத்திருந்தது வசனப் புத்தகத்திலிருந்து. படம் பார்த்தது செல்போனில், யூடியூபில். இரண்டையும் ஒப்பிட்டீர்களா என்றேன். இல்லை என்றார்.

நான் வங்கிக் குமாஸ்தா. யாராவது ஜெராக்ஸ் பிரதியைக் கொடுத்தால் அசலை வாங்கிப் பார்த்து, ‘அசலுடன் ஒப்பிடப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது தினசரி வேலை. அசலைப் பார்க்காமல் குத்தினால் வேலைக்கே ஆபத்து. தமிழ் சினிமாச் சரித்திரத்தின் பெரும்பகுதி அசலைப் பார்க்காமல் குத்திய முத்திரை.

சில சமயம் அசல் இல்லவே இல்லை. ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்கிறோம். அதன் பிரதி இன்று இல்லை. ஒரு நூல் 1917 என்கிறது, இன்னொன்று 1918 என்கிறது. பெரும்பாலும் எந்த ஆதாரத்தின்மேல் என்று சொல்வதில்லை. 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும் படம். அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழிலும் கதாநாயகன் தெலுங்கிலும் பேசினார்கள் என்று எல்லோரும் எழுதுகிறோம். இன்றைக்கு எழுதுகிறவர் யாரும் அதைக் கேட்டதில்லை. விளம்பரங்கள், பத்திரிகைக் குறிப்புகள், பின்னாளைய நினைவுகள், இவற்றைச் சேர்த்துக் கட்டிய வாக்கியம் அது. அப்படிக் கட்டுவதில் தவறில்லை. எதைக் கொண்டு கட்டினோம் என்பதை மறைத்து, படத்தின் பெயரை மட்டும் அடிக்குறிப்பில் போடுவதுதான் தவறு.

இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1981இல் க்ரியா வெளியிட்ட தியடோர் பாஸ்கரனின் ஆங்கில நூலைப் பாருங்கள். அவர் தபால் துறை அதிகாரி. நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்தில் பெற்ற இடத்தை எழுத, அரசாணைகளையும் பழைய பத்திரிகைகளையும் தேடிப் போனார். பழைய கலைஞர்களைச் சந்தித்தார். படம் கிடைக்காத இடத்தில் படத்தைப் பற்றிய காகிதம் பேசுகிறது, காகிதம் என்று தெரிந்தே பேசுகிறது. அதே ஆண்டு கார்த்திகேசு சிவத்தம்பியின் சிறு நூல் தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தது. 1991இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் ‘பராசக்தி’ பற்றி எழுதிய கட்டுரை, படத்தின் கதையோடு நிற்காமல், அதற்கு எழுந்த எதிர்ப்பையும் அரசாங்கத்தின் நடவடிக்கையையும் பின்தொடர்ந்தது. நிருபர்களும் ரசிகர்களும் சேர்த்து வைத்ததும் சாமானியமல்ல. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கத் திரட்டிய விவரங்கள் 2004இல் புத்தகமாயின. பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாக்க ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

அச்சிட்ட புத்தகத்தைப் பதிப்பாளர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. திரைப்படத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் வந்தது. அதற்குள் எவ்வளவோ போய்விட்டது.

இருக்கிற படத்திலும் எது படம் என்ற கேள்வி தீர்வதில்லை. தணிக்கைச் சான்றிதழில் ரீல்களும் நீளமும் இருக்கின்றன. வெட்டு விழுந்த படத்தின் சான்றிதழில் இன்று முக்கோண முத்திரை உண்டு. சென்னையில் தொலைக்காட்சி 1975இல் வந்தது. பிறகு தனியார் சானல்கள் வந்தன, விளம்பரத்துக்காகக் கத்திரிக்கோலும் வந்தது. யூடியூபில் யாரோ ஏற்றிய பிரதி எந்தக் கத்திரிக்குத் தப்பியது என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு அது அங்கே இல்லாமலும் போகலாம். பாட்காஸ்ட் என்ற புதிய ஒலிப்பேச்சுக்கும் இதே கதிதான்.

ஆகவே இளைஞரிடம் சொன்னது இவ்வளவுதான்: எந்தப் பிரதி, யார் ஏற்றியது, எவ்வளவு நேரம் ஓடுகிறது, என்றைக்குப் பார்த்தீர்கள், எத்தனையாவது நிமிடம். வசனத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்தால் புத்தகம் என்றே எழுதுங்கள். பார்க்காத படம் என்றால் பார்க்கவில்லை என்று எழுதுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. இதெல்லாம் வழிகாட்டி கேட்கமாட்டாரே சார் என்றார். இன்றைக்குக் கேட்கமாட்டார், முப்பது வருஷம் கழித்து இதே படத்தைத் தேடி வருகிறவர் கேட்பார் என்றேன்.

அடுத்த ஞாயிறு புத்தகத்தோடும் போனோடும் வந்தார். வரிக்கு வரி நிறுத்தி ஒப்பிட்டதில் முதல் இருபது நிமிடப் படத்துக்கே பொழுது சாய்ந்துவிட்டது. என்ன வித்தியாசம் கண்டார் என்பது அவர் எழுத வேண்டிய விஷயம். எழுதட்டும்.