சான்றிதழுக்கு இப்புறம்

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் தோல் வட்டாரத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் மூன்று கதைகளாகச் சொல்கிறார்கள். வணிகக் குடும்பங்கள் வளர்ந்த கதை, அந்நியச் செலாவணி வந்த கதை, ஆறு கெட்ட கதை. மூன்றும் உண்மை. இந்தத் தொழிலின் அறிவு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற நான்காவது கதை மட்டும் அதிகம் எழுதப்படவில்லை. ஒரு தொழில் கையறிவாக இருக்கும்வரை பெண்களுக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது. அதுவே வேதியியலாகவும் பொறியியலாகவும், தேர்வும் பட்டமும் உள்ள துறையாகவும் மாறும்போது அவர்கள் சான்றிதழுக்கு இப்புறமே நின்றுவிடுகிறார்கள். மாற்றம் நடக்கிற காலத்திலேயே யாராவது முனைந்து பெண்களுக்கு வாசல் வைத்தால்தான் கதை வேறாகிறது. இரண்டுக்கும் சான்று இங்கேயே கிடைக்கிறது. 2019இல் மூன்றாகப் பிரியும்வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இந்தப் பகுதியில், தோல் பதனிடும் ஷாப்பு ஒரு வழியில் போனது, வேலூரின் மருத்துவப் பள்ளி வேறு வழியில் போனது.

குரோம் உப்பால் பதனிடும் முறை வருவதற்கு முந்தைய தோல் ஷாப்பில் வேலை மெதுவாக நடக்கும். உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் நீக்கி, கத்தியால் சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்தி, கடுக்காய் கொடுத்து முடிப்பார்கள். பட்டையின் சாறு உள்வரை இறங்கிவிட்டதா என்பதை ஓரத்தில் வெட்டிப் பார்த்தும், விரலால் அழுத்திப் பார்த்தும் சொல்லிவிடுவார்கள். தீண்டாமையின் கொடுமையை அன்றாடம் சுமந்த சாதியினரே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்தார்கள். பெண்கள் பட்டை இடித்தார்கள், தோல் சுமந்தார்கள், உலர்த்தினார்கள். அது சமத்துவமான உலகம் அல்ல. கத்தி ஆண் கையில் இருந்தது, கூலியும் அவனுக்கே அதிகம். ஆனாலும் பதம் பார்க்கும் அறிவு எல்லோர் கண்முன்னும் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் பார்த்துப் பார்த்தே அதைக் கற்றுக்கொள்ள முடிந்தது.

குரோம் அந்த அறிவை இடம் மாற்றியது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற முறை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அரசுச் செலவில் குரோம் பதனீட்டைச் சோதித்தார். 1915இல் சென்னையில் தோல் தொழில் பள்ளி வந்தது. வாரங்கள் பிடித்த வேலையைச் சுழலும் டிரம் ஓரிரு நாளில் முடித்துவிடும். ஆனால் எவ்வளவு உப்பு, எவ்வளவு அமிலம், எத்தனை மணி நேரம் என்ற கணக்கு இப்போது குறிப்பேட்டுக்குப் போய்விட்டது. குறிப்பேட்டை எழுதுகிறவர் பள்ளிக்கூடம் போய் வந்தவர், ஆண். 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றி, 1958இலிருந்து நாயுடம்மா அதன் இயக்குநராகப் பணியாற்றிய காலத்தில், நாற்றத்துக்கும் தீட்டுக்கும் அடையாளமாக இருந்த தொழில் மதிப்பான அறிவியலானது. இந்த நாட்டுக்கு அது பெரிய சாதனை. சாதியால் ஒதுக்கப்பட்ட வேலையை ஆய்வகத்தில் உட்காரவைத்து மரியாதை தேடிக் கொடுத்தார்கள். அந்த மரியாதையின் முதல் பங்கு ஆண்களுக்கே போய்ச் சேர்ந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

வேதியியலும் பொறியியலும் அன்று எந்த ஊரிலும் பெண்களுக்கு எளிதில் திறந்ததில்லை. லண்டன் வேதியியல் கழகத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி 1904இல் 19 பெண் வேதியியலாளர்கள் மனுக் கொடுத்தார்கள். கதவு திறந்தது 1920இல். தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அண்டை வீடான கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. அங்கே பெண்கள் முதலில் காலடி வைத்தது 1940ஐ ஒட்டித்தான். லலிதா, திரேசியா, லீலம்மா ஜார்ஜ் ஆகிய மூவர். ஆண்பாலில் அச்சாகியிருந்த சான்றிதழைக் கையால் அடித்துப் பெண்பாலாகத் திருத்தித்தான் லலிதாவுக்குக் கொடுத்தார்கள். ஒரு பெண் வருவாள் என்று அந்த அச்சகம்கூட எதிர்பார்த்திருக்கவில்லை.

பெரிய திருப்பம் 1970களில் வந்தது. தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழு 1972இல் சொன்னதை ஏற்று, பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு போவதை அரசு மறு ஆண்டே கட்டுப்படுத்தியது. முழுதும் முடித்த தோல், பிறகு ஷூ அப்பர், பிறகு முழு ஷூ என்று ஆம்பூர் வட்டாரம் படியேறியது. டேனரிகளில் இந்த மாற்றம் பெண்களை ஓரங்கட்டியதை ஆய்வாளர் மில்லி நிஹிலா 1999இல் விரிவாக எழுதினார். ஷூ கம்பெனிகளிலோ பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். ஸ்கைவிங், ஃபோல்டிங், ஸ்டிச்சிங் என வரிசையாக அமர்ந்திருப்பவர்கள் பெண்கள். தோலை வெட்டும் கட்டிங்கிலும் அச்சில் இழுத்து ஏற்றும் லாஸ்டிங்கிலும் பெரும்பாலும் ஆண்கள். எந்திரம் நின்றால் வருகிற மெக்கானிக்கும், மாதிரி வரைகிறவரும், ரசாயனம் தீர்மானிக்கிறவரும் ஆண்களே. 2019–20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். நாம் பெருமையோடு சொல்லும் எண் இது. எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று அது சொல்வதில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு பாதுகாப்பு. சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோம், ஈரத் தரையில் சுழலும் டிரம்; இவற்றிலிருந்து பெண்களை விலக்கி வைத்தது கருணை என்பார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இந்த மொழியில்தான் பேசியது. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் இயக்கப் பகுதிகளைச் சுத்தம் செய்யவோ, எண்ணெய் விடவோ, சரிப்படுத்தவோ பெண்ணையும் இளவயதினரையும் அனுமதிக்கக் கூடாது என்றது 22ஆம் பிரிவு. வளர்ந்த பெண்ணைச் சிறுவனோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டது. இரவில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றது 66ஆம் பிரிவு. டிரம் இரவிலும் சுழலும். இரவில் இருக்க முடியாதவர் டிரம்முக்குப் பொறுப்பேற்க முடியாது. இன்னும் கூர்மையான இடம் 64ஆம் பிரிவு. மேற்பார்வையாளரும் நிர்வாகியும் வேலை நேரக் கட்டுப்பாடுகள் எதற்கும் உட்பட வேண்டியதில்லை என்று அது விலக்குக் கொடுத்தது. ஆனால் பெண்களுக்கான இரவுத் தடையை மட்டும் அந்த விலக்கில் சேர்க்கவில்லை. பெண் எவ்வளவு படித்து மேலே வந்தாலும் அந்தத் தடை கூடவே வரும்படி சட்டத்தை எழுதியிருந்தார்கள்.

கருணைதான் காரணம் என்றால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதே 66ஆம் பிரிவு மீன் பதப்படுத்தும் ஆலைகளில் பெண்களை இரவிலும் வேலைக்கு வைக்க வழி விட்டது. காரணத்தையும் அதுவே சொன்னது: சரக்கு கெட்டுவிடக் கூடாது. மீன் கெடும் என்றால் பெண்ணின் இரவுப் பாதுகாப்பு இரண்டாம் பட்சம் ஆகிவிட்டது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த இரவுத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் குரோம் டிரம்மைச் சுற்றி இரண்டு மூன்று தலைமுறை ஆண் டெக்னீஷியன்கள் உருவாகிவிட்டார்கள். ஆபத்திலிருந்து பெண்கள் உண்மையிலேயே காப்பாற்றப்பட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஈரத் தோலைச் சுமந்த பெண்கள் டேனரிக்குள்தான் இருந்தார்கள். ஆம்பூர் வீடுகளில் பெண்கள் ஷூ அப்பர்களைக் கையால் தைக்கிறார்கள். பிரிட்டனின் தொழிலாளர் நல அமைப்புகளும் இந்திய அமைப்பான சிவிடெப்பும் 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களுக்கு ஜோடி ஒன்றுக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் கணக்கில் 10 பென்ஸுக்கும் குறைவு. தடித்த தோலில் ஒரே சீராக, கண்ணும் விரலும் தேயத் தைக்கிற அந்தத் திறமைக்கு எந்தப் பயிற்சிப் பள்ளியும் சான்று கொடுத்ததில்லை. காக்கப்பட்டது பெண்ணின் உடல் அல்ல, ஆணின் பதவி என்றே நான் இந்தச் சான்றுகளைப் படிக்கிறேன்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. கதவு திறந்திருந்தாலும் பெண்கள் வந்திருக்க மாட்டார்கள், குடும்பங்கள் விட்டிருக்காது, ஊர் ஒப்பியிருக்காது என்பது. தோல் தொழிலின் தீட்டை நினைத்தால் இதை லேசாகத் தள்ள முடியாது. இதற்குப் பதில் வேலூரில் இருக்கிறது. அங்கே மருத்துவப் பள்ளியை நிறுவிய ஐடா ஸ்கடர் 1870இல் பிறந்தது ராணிப்பேட்டையில். ஆண் மருத்துவரை வீட்டுப் பெண்ணின் பிரசவத்துக்கு அனுமதிக்க மறுத்த மூன்று குடும்பங்களின் பெண்கள் ஒரே இரவில் இறந்ததைத் திண்டிவனத்தில் அறிந்துதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார் என்பது பலரும் அறிந்த செய்தி. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பி, 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். 1918 ஆகஸ்டில் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். விண்ணப்பங்கள் வருமா என்று அதிகாரிகளே ஐயப்பட்ட காலம். பெண்கள் வந்தார்கள், பிணத்தை அறுத்துப் படித்தார்கள். மாகாணத் தேர்வில் ஆண்கள் பள்ளிகளில் பலர் தவறியபோது வேலூர் மாணவிகள் அனைவரும் தேறினார்கள். பிணம் தொடுவது தோல் தொடுவதைவிடத் தீட்டுக் குறைந்த வேலை அல்ல. வந்த பெண்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள், ஊர் மரபுக்குச் சற்று வெளியே நின்றவர்கள் என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் விடுதி, உதவித்தொகை, பெண் ஆசிரியர்கள், முடித்ததும் வேலை என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பிறகே அவர்கள் வந்தார்கள் என்பதும் உண்மை. தோல் தொழில் அவற்றில் ஒன்றைக்கூடப் பெண்களுக்காகக் கட்டிப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டான 1919இல் தோல் வணிகர்களின் கொடையோடு வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி எழுந்தது; கல்விக்கு அள்ளிக் கொடுத்த மனிதர்கள் அவர்கள். பெண்களுக்கென்று தனிக் கல்லூரிகள் அங்கே வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

வேலூர் கதையையும் குறையில்லாமல் சொல்ல முடியாது. ஊர்ப் பிரசவங்களைத் தலைமுறைகளாகப் பார்த்து வந்த மருத்துவச்சி அந்தப் பள்ளியில் சேரவில்லை. எழுத்தறிவில்லாத அவளுடைய கையறிவும், ஆவாரம்பட்டையின் பதம் பார்த்தவர்களின் அறிவைப் போலவே, புதிய மருத்துவத்துக்கு வெளியில் நின்றுவிட்டது. வாசல் வைத்தவர்கள் அவளுடைய பேத்திக்கு வைத்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். 1930களின் இறுதியில் இன்னொரு சோதனை வந்தது. பட்டமில்லாமல் எல்.எம்.பி. உரிமம் மட்டும் தரும் பள்ளிகள் போதாது, பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரிகளே வேண்டும் என்று சென்னை அரசு தீர்மானித்தது. தரத்தை உயர்த்தும் நல்ல நோக்கம்தான். ஆனால் பெண்களின் பள்ளி அதனால் மூடும் நிலைக்கு வந்தது. பட்டக் கல்லூரிக்கு வேண்டிய பணமும் ஆசிரியர்களும் தேட ஆண்களையும் சேர்க்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பெண்களுக்காகத் திரட்டிய பணத்துக்கு இது துரோகம் என்று அமெரிக்காவில் நிதி திரட்டிய லூசி பீபாடி கொதித்தார். ஐடாவோடு பழைய நட்பும் முறிந்தது. 1942இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது, 1947இல் ஆண்கள் வந்தார்கள். பீபாடியின் கோபத்தில் நியாயம் இருந்தது. இருந்தும் ஐடா எடுத்த முடிவே சரி என்று நினைக்கிறேன். பட்டம் இல்லாத பெண் மருத்துவர், பட்டம் உள்ள ஆணுக்குக் கீழே ஆயுள் முழுக்க உதவியாளராகவே இருந்திருப்பார்.

இன்றைக்கு எல்லாம் மாறிவிட்டதே என்ற மறுப்பும் உண்டு. வேலூரின் பொறியியல் வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள், தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பெண் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளில் பட்டம் பெறுவோரில் இந்தியப் பெண்கள் பாதிக்குச் சற்றே குறைவு. பல பணக்கார நாடுகளைவிட இது மேல். ஆனால் ஆராய்ச்சிப் பணியில் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. படிப்புக்கும் பதவிக்கும் இடையில் எங்கோ அவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஆம்பூர் கம்பெனி பஸ்ஸில் காலையில் ஏறுகிற, பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அந்த வகுப்பறையும் இல்லை. மெஷினைத் தினமும் எட்டு மணி நேரம் கேட்டுக் கேட்டு அது எப்போது பழுதாகும் என்று அவளால் சொல்ல முடியும். அந்த அறிவைக் கொண்டு டெக்னீஷியன் ஆகும் வழி அவளுக்குத் தெரியாது, அவளுடைய சூப்பர்வைசருக்கும் தெரியாது.

வழி போட முடியாத ஊர் அல்ல இது. 1909இல் வேலூரில் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது அது கைவேலையாகத்தான் எண்ணப்பட்டது. கட்டுப் போடுவது, துடைப்பது, கழுவுவது. 1946இல் அதே ஊரில், இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கியவற்றில் ஒன்றாக, செவிலியர் பட்டப்படிப்பு வந்தது. கைவேலையிலிருந்து பட்டத்துக்கு 37 ஆண்டுகள். சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி தோல் வட்டாரம் ஷூவை நோக்கித் திரும்பத் தொடங்கி இப்போது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஸ்டிச்சிங் வரிசையில் இருக்கும் பெண் வேலையை விடாமல் படித்து, தோல் தொழில்நுட்பத்திலோ ஷூ வடிவமைப்பிலோ டிப்ளமோ வாங்கி அதே கம்பெனியில் மேலே போவது இன்னும் இந்தத் தொழிலின் வழக்கமாகவில்லை.