கோல்கொண்டாவின் தெர்மோபிலே

ஹைதராபாதுக்கு வரும் உறவினர்களும் நம் சங்க அன்பர்களும் சார்மினார், சாலார் ஜங் மியூசியம், பிர்லா மந்திர் எல்லாம் பார்த்தபின் கோல்கொண்டா கோட்டைக்குக் கிளம்புவது வழக்கம். நுழைவாயில் குவிமாடத்தின் கீழ் நின்று கை தட்டுவார்கள். சுமார் 120 மீட்டர் உயர மலையுச்சியில் அந்த ஓசை கேட்கும். வளைந்த கூரை ஒலியைச் சிதற விடாமல் திருப்பி அனுப்புவதுதான் காரணம். பௌதிகம் படித்தவன் என்பதால் இதை நானும் பலருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் அதே வாசலில் 1687ல் நடந்த யுத்தத்தைப் பற்றி என்னோடு வந்தவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

பள்ளியில் உலக சரித்திரம் படித்தவர்களுக்கு தெர்மோபிலே நினைவிருக்கும். கி.மு. 480ல் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு குறுகிய வழியில், ஸ்பார்டா மன்னன் லியோனிடாஸ் பாரசீகத்தின் பெரும் சேனையைத் தடுத்து நிறுத்தினான். எஃபியால்டிஸ் என்ற உள்ளூர்க்காரன் எதிரிக்கு மலைப்பாதையைக் காட்டிக் கொடுத்தான். லியோனிடாஸும் அவனுடைய 300 வீரர்களும், உடன் நின்ற தெஸ்பியா நகரத்து 700 பேரும் பின்வாங்காமல் போரிட்டனர். நம் கோல்கொண்டாவின் கதையும் கிட்டத்தட்ட இதுவே.

பீஜப்பூரை 1686ல் பிடித்த ஔரங்கசீப், அடுத்த ஆண்டு ஜனவரி கடைசியில் கோல்கொண்டாவுக்கு வந்து முற்றுகையிட்டார். சுமார் எட்டு மாதங்கள் அவருடைய பீரங்கிகளால் கோட்டையை வீழ்த்த முடியவில்லை. மழை, வெள்ளம், பஞ்சம், நோய் எல்லாம் மொகலாயர் முகாமைத்தான் வாட்டின. மதிலுக்கு அடியில் அவர்கள் வைத்த வெடிமருந்து அவர்கள் பக்கமே வெடித்து ஏராளமானோர் மாண்டனர். தளபதி கிலிச் கான் பீரங்கிக் குண்டு பட்டு உயிரிழந்தார். அவருடைய பேரன்தான் பிற்காலத்தில் ஹைதராபாதின் முதல் நிஜாம் ஆனார்.

பலத்தால் முடியாததைப் பணம் முடித்தது. கோட்டைக்குள் இருந்த அதிகாரிகளுக்கு ரகசியமாகக் கடிதங்கள் போயின. அப்துர் ரஸாக் லாரி என்ற தளபதிக்கும் ஒரு கடிதம் வந்தது. அவர் அதை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப் போட்டார். அப்துல்லா கான் பன்னி என்ற ஆஃப்கன் அதிகாரியோ விலை போனான். செப்டம்பர் 21ஆம் தேதி விடியுமுன், அவன் திட்டிவாசல் ஒன்றைத் திறந்துவிட, மொகலாயர் உள்ளே புகுந்தனர்.

கூச்சல் கேட்ட அப்துர் ரஸாக், சேணம்கூட இல்லாத குதிரையில் ஏறி, பத்துப் பன்னிரண்டு பேருடன் பாய்ந்து வந்து உள்கோட்டை வாசலில் எதிர்த்து நின்றார். கூட வந்தவர்கள் சிதறினார்கள். அவர் மட்டும் விடவில்லை. மறுநாள் ஒரு தென்னை மரத்தடியில் நினைவின்றிக் கிடந்தார். உடம்பில் ஏறத்தாழ எழுபது காயங்கள் என்று காஃபி கான் எழுதிய சரித்திரம் கூறுகிறது. ஔரங்கசீப்பே வியந்து, ஓர் ஐரோப்பியர், ஓர் இந்து என்று இரண்டு வைத்தியர்களை அனுப்பிக் காப்பாற்றச் சொன்னார். பிழைத்தெழுந்தவர் முதலில் மொகலாயப் பதவியை மறுத்து, வெகு நாட்களுக்குப் பிறகே ஏற்றார். சுல்தான் அபுல் ஹஸன் தானா ஷா தௌலதாபாத் கோட்டையில் கைதியாக இருந்து அங்கேயே மறைந்தார்.

கோட்டை பலவீனமானது அந்த இரவில்தானா? 1685லேயே சேனாதிபதி முகம்மது இப்ராஹிம் மொகலாயர் பக்கம் போய்விட்டார். ராஜ்யத்தை நிர்வகித்த பிராமண சகோதரர்கள் மாதண்ணா, அக்கண்ணா இருவரும் 1686ல் அரண்மனைச் சதியால் தெருவில் கொல்லப்பட்டனர். மாதண்ணாவின் தலை மொகலாயர் முகாமுக்கு அனுப்பப்பட்டது. பத்ராசல ராமதாஸர் இவர்களுடைய மருமகன் முறை என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அவர் சிறையிருந்த அறையைப் பார்த்துக் கண் கலங்குகிறோம். அதே கோட்டையில் மாமன்மாருக்கு நேர்ந்த கதியை யாரும் சொல்வதில்லை. யோக்கியமான சிப்பந்திகளை ஒருவர்பின் ஒருவராக இழந்த அரசுக்கு, கடைசியில் அப்துர் ரஸாக் ஒருவர்தான் மிஞ்சினார். அரசாங்கத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்கு இந்த இடம்தான் மனதில் தைக்கிறது. கஜானாவும் மதிலும் மட்டும் ராஜ்யத்தைக் காப்பாற்றுவதில்லை.

தெர்மோபிலேயில் ஆற்று வண்டல் படிந்து கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. அந்தக் குறுகிய வழியே இன்று இல்லை. இருந்தும் 1955ல் அங்கே லியோனிடாஸுக்குச் சிலை வைத்தார்கள். உலகமெங்கும் அவன் பெயர் தெரியும். இங்கே மதில், கொத்தளம், வாசல் எல்லாம் கண்ணெதிரே நிற்கின்றன. காவல் நின்றவரின் பெயர்தான் பலருக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை ஹைதராபாத் வரும் அன்பர்கள் ஃபதே தர்வாஸா வழியாகவே கோட்டைக்குள் வாருங்கள். வெற்றி பெற்ற மொகலாய சேனை அந்த வழியாக நுழைந்ததால்தான் அப்பெயர் என்பார்கள். அங்கிருந்து உள்கோட்டை வாசல் வரை வாகனம் போகும். முட்டிவலி உள்ளவர்கள் மலையேற வேண்டியதில்லை. பேரக் குழந்தைகள் கை தட்டட்டும். தட்டி முடித்ததும், அந்த இடத்தில் ஒரு மனிதர் கடைசிவரை எதிர்த்து நின்றார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.