ஆறு செடிகளும் இரண்டு சட்டங்களும்

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்கத்தக்க மருத்துவப் பயன் இல்லாதவை என்று கருதப்பட்ட போதைப்பொருள்களின் முதல் பட்டியலில் ஹெராயினுடன் கஞ்சாவையும் சேர்த்திருக்க, கலிபோர்னியா மக்கள் 1996-இல் நேரடி வாக்கெடுப்பில் ‘முன்மொழிவு 215’-ஐ நிறைவேற்றி, மருத்துவர் பரிந்துரைத்த நோயாளிகள் அதை வளர்த்துப் பயன்படுத்த வழிசெய்தனர். ஒரே மண்ணில் இரு சட்டங்கள் மோதியதன் விளைவு, 2002 ஆகஸ்டில் பியூட் கவுண்டியின் ஒரு வீட்டில் வெளிப்பட்டது. முதுகுவலியால் அவதியுற்ற பெண்ணொருவர் வளர்த்த ஆறு செடிகள் மாநிலச் சட்டப்படி குற்றமாகா என்று உள்ளூர் அதிகாரிகள் முடிவுசெய்தும், மூன்று மணி நேர இழுபறிக்குப் பின் கூட்டாட்சி அதிகாரிகள் ஆறையும் கைப்பற்றி அழித்தனர்.

இதையொட்டி எழுந்த ‘கோன்சாலஸ் எதிர் ரைச்’ வழக்கில், உச்ச நீதிமன்றம் 2005-இல் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் கூட்டாட்சி அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமான ‘வணிக விதி’ விற்பனைக்கே வராத வீட்டுச் செடிக்கும் பொருந்தும் என்பதற்கு, ஓஹியோ உழவர் ஒருவர் சொந்தப் பயன்பாட்டுக்கென வரம்பை மீறிப் பயிரிட்ட கோதுமை குறித்த 1942-ஆம் ஆண்டுத் தீர்ப்பே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. மாநிலங்கள் புதிய வழிகளைச் சோதித்துப் பார்க்கும் உரிமையை இத்தீர்ப்பு நெரிக்கிறது என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதிய மறுப்புரையே கூட்டாட்சி நெறிக்கு நெருக்கமானது. மாநில மருத்துவக் கஞ்சாச் சட்டங்களின் செயற்பாட்டைத் தடுக்க நீதித்துறை நிதி செலவிடுவதற்கு 2014 டிசம்பரில் காங்கிரஸ் தடை விதித்தபோதிலும், அது நிதி ஒதுக்கீட்டுடன் அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டிய தடையாகவே அமைந்தது.