யானைக்குப் பின்னால் நிற்கும் காடு

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் நம் வடசென்னைக் கரையில் காட்டு யானை இல்லை. கல் யானை ஒன்று உண்டு. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் ஆதிபுரீசுவரர் சன்னதியின் விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. பின்புறம் அரைவட்டமாக வளைந்த இவ்வமைப்பு படுத்துறங்கும் யானையின் முதுகை ஒத்திருப்பதால் தூங்கானை மாடம் எனப் பெயர் பெற்றது. வாயிலில் நின்று வணங்குவோர்க்கு அந்த யானை புலப்படுவதில்லை. சுற்றி வந்து, பின்புறத்தில் சற்றே விலகி நிற்பவர்க்குத்தான் அது தெரியும்.

எங்கே நிற்பது, எவற்றைச் சேர்த்துப் பார்ப்பது என்னும் இதே வினாதான் யானையைப் படமெடுக்கக் காட்டுக்குச் சென்றவர்கள் முன்னும் நின்றது. அந்த வினாவுக்கு விடை தேடியவர்களுள் தமிழ் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியவர் மா. கிருஷ்ணன் (1912–1996).

இந்தியாவில் நிழற்படக் கலை வேரூன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், கண்ணாடித் தகட்டில் ஒரு காட்சி பதியப் பல நொடிகள் பிடித்தன. யானை நின்றாலும் அதன் காது நிற்காது. துதிக்கையும் வாலும் ஓயா. ஆகவே அக்காலப் படங்களில் பெரும்பாலும் நாம் காண்பவை அம்பாரி சுமந்த அரண்மனை யானைகளும் தளையிட்ட யானைகளுமே. காட்டு விலங்கை அதன் இடத்திலேயே படமெடுக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன், விலங்கின் கால் இடறும் கம்பியால் தானே இயங்கும் காமிராவை அமைத்து இரவில் புலிகளைப் படம்பிடித்தார். அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. ஆனால் அம்முறையில் காமிராவின் பின்னால் மனிதக் கண் இல்லை. எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை விலக்குவது என்னும் தேர்வு கம்பி கட்டும்போதே முடிந்துவிடும்.

கிருஷ்ணன் வேறு வழியில் வந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஃபைசனிடம் பயின்று, அவருடன் மலைகளுக்குச் சென்று செடிகொடிகளை அடையாளம் காணக் கற்றார். ஓவியப் பயிற்சியும் உடன் வந்தது. 1940களில் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியராகவும் வேறு பல பொறுப்புகளிலும் பணியாற்றிவிட்டுச் சென்னை திரும்பிய பின், எழுத்தையும் படத்தையுமே வாழ்வாகக் கொண்டார். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய அவருடைய பத்தி, 1996இல் அவர் மறையும்வரை வெளிவந்தது. 1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி அவர் திரட்டியவற்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக்கியது.

அவர் கருப்பு வெள்ளையிலேயே நின்றவர். ஒரு காமிராவின் உடலும் வேறொன்றின் லென்சும் பிற உறுப்புகளும் சேர்த்துத் தாமே பொருத்திய கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். அதைக் கண்ட இயற்கை ஆர்வலர் ஈ.பி. ஜீ, எங்கேனும் கம்பியும் கயிறும் கொண்டு கட்டியிருப்பாரோ என்று எழுதிக் கேலி செய்தார்.

இனிக் கலையின் நுட்பத்துக்கு வருவோம். லென்சைக் குவித்த தொலைவுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகப் பதிகிறது என்பதைப் புல ஆழம் என்கிறோம். லென்சின் துளை விரிந்தால் இது குறையும். துளை சுருங்கினால் கூடும். குருவிக்கு ஒரு சாண் ஆழமே போதும். யானைக்குப் போதாது. நம்மை நோக்கி நிற்கும் களிற்றின் நெற்றிக்கும் வாலுக்கும் இடையே மூன்று மீட்டருக்குக் குறையாது. நீட்டிய துதிக்கையையும் சேர்த்தால் ஐந்தைத் தாண்டும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில், 200 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டு, 20 மீட்டர் தொலைவில் உள்ள களிற்றின் கண்ணைக் குவித்து எடுப்பதாகக் கொள்வோம். எஃப் 4 என்னும் விரிந்த துளையில் தெளிவு சுமார் 2.4 மீட்டர்தான். கண் கூர்மையாக இருக்கும். துதிக்கை நுனியும் பின்னுடலும் மங்கும். எஃப் 11 வரை துளையைச் சுருக்கினால் ஏறத்தாழ ஏழு மீட்டர் கிடைக்கும். யானை முழுதும் அதில் அடங்கும். அருகிலுள்ள மூங்கிலும் புல்லும் உடன் வரும்.

ஆனால் இந்த ஆழத்துக்கு விலை உண்டு. உட்புகும் ஒளி எட்டில் ஒரு பங்காகிவிடும். நொடியில் 250இல் ஒரு பங்கு திறந்த ஷட்டரை 30இல் ஒரு பங்குவரை திறந்துவைக்க வேண்டும். அப்போது அசையும் காது கலங்கும். கனத்த கருவியைத் தாங்கும் கையும் நடுங்கக்கூடும். காட்டு நிழலில் கருத்த யானையைக் கருப்பு வெள்ளையில் எடுப்பவருக்கு இந்தப் பேரம் ஒவ்வொரு முறையும் உண்டு.

படச்சட்டத்தின் அமைப்பும் இப்படியே. தரையில் தாழ்ந்திருந்து எடுத்தால் ஒற்றை யானை வானத்தைத் தொட்டு நிற்கும். வீரம் தெரியும், காடு மறையும். பழக்கப்பட்ட யானையின் முதுகிலிருந்து எடுத்தால் புதர்களுக்கு மேலாகப் பார்வை செல்லும். கூட்டத்தில் முதிய பிடி எங்கே, கன்று யாருடைய காலடியில், எது முன்செல்கிறது, எது காவல் நிற்கிறது என்பன பிரிந்து தெரியும். முதுமலையில் கிருஷ்ணன் இவ்வாறு யானைமீது ஏறிச் சென்று படமெடுத்தவர். அவருடைய படங்களில் மரமும் பாறையும் புல்லும் யானையோடு சேர்ந்தே இடம்பெறுகின்றன. அவருக்குப் படம் அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. விலங்கின் வாழ்க்கைக்கு ஆதாரமாகவும் இருந்தது.

தமிழ் கற்றவர்களுக்கு இது புதிதன்று. முதல், கரு, உரி என்று பொருளைப் பகுத்த நம் இலக்கணம், விலங்கை நிலத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. யானை குறிஞ்சிக்கும் உரியது. வலியழிந்த யானை பாலைக்கும் உரியது. தினைப்புனத்தில் நிற்கும் யானை ஒரு பொருள் தரும். நீரற்ற சுரத்தில் நிற்கும் யானை வேறொரு பொருள் தரும். பின்புலத்தை அழித்துவிட்டால் யானை எஞ்சும், திணை எஞ்சாது. கிருஷ்ணன் திணை இலக்கணத்தை எண்ணித்தான் துளையைச் சுருக்கினார் என்று நாம் சொல்லவில்லை. எனினும், படைப்பாளி பின்புலத்தை எதற்காகக் காக்க வேண்டும் என்பதற்கு நம் மரபில் ஆயத்தமான விடை இருக்கிறது.

காத்த பின்புலம் பிற்காலத்தில் வரலாறாகிறது. இன்று முதுமலையின் பெரும்பரப்பில் அயலகச் செடியான உண்ணிச்செடி பரவியிருக்கிறது. முன்பு அங்கே புல் எவ்வளவு உயரம் நின்றது, எம்மரங்கள் அடர்ந்திருந்தன என்று கேட்பவருக்கு அக்காலப் படங்களின் பின்புலம் சாட்சி சொல்லும். யானையின் கண்ணை மட்டும் கூர்மையாக்கிய படம் அந்தச் சாட்சியைச் சொல்லாது.

இன்றைய லென்சுகள் விரிந்த துளைக்குப் பெயர்பெற்றவை. பின்புலத்தைக் கணக்கிட்டே கரைத்துவிடக் கைப்பேசியும் கற்றுக்கொண்டது. பட்டுபோல் மங்கிய பச்சையின் முன் யானை அழகாகத்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பச்சைக்குள் மின்வேலியும் தண்டவாளமும் தேயிலைத் தோட்டமும் கரைந்திருக்கலாம். மேற்கு வங்கத்தில் பிப்லப் ஹஸ்ரா எடுத்து 2017இல் 'சாங்க்சுவரி' இதழின் முதற்பரிசு பெற்ற படத்தில், தீப்பற்றி ஓடும் கன்றும் அதை விரட்டும் மனிதரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றனர். மனிதரை விலக்கிவிட்டால் அந்த நெருப்புக்குக் காரணம் தெரியாது.

இதை நம் கரையிலேயே சோதித்துப் பார்க்கலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் பறவைகளைப் படமெடுக்க வருவோர் பலர். 1994 முதல் இயங்கிவரும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் சட்டத்துக்குள் வராத கோணத்தைத் தேடிச் சிலர் காத்திருப்பர். வேறு சிலர் துளையை விரித்து அவற்றைப் புகையாய்க் கரைத்துவிடுவர். கழிமுகம் அப்போது மாசற்ற ஏரிபோலத் தோன்றும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது வெளியான படங்களில், கருமை படிந்த கூழைக்கடாக்கள் நின்றன. அந்தப் பறவைகள் எங்கே நின்றன என்பதும் தெரிந்த படங்களே நமக்குப் பயன்பட்டன. அடுத்த முறை கழிமுகத்துக்குக் காமிராவோடு போகும் நண்பர்கள், ஒரு படத்தையேனும் துளையைச் சுருக்கி, புகைபோக்கியையும் சேர்த்து எடுத்துவர வேண்டும் என்பது நம் விருப்பம். ஐம்பது ஆண்டு கழித்து அதைத் தேடி யாரேனும் வருவார்கள்.