புரோட்டிக் அயனித் திரவங்கள்: புரோட்டான் இடமாற்றமும் அயனித்தன்மையும்

ஓர் அமிலத்தையும் ஒரு காரத்தையும் நேரடியாகக் கலக்கும்போது, அமிலத்தின் புரோட்டான் காரத்துக்கு இடம் மாறி உண்டாகும் தாழ்ந்த உருகுநிலை உப்புகளைப் புரோட்டிக் அயனித் திரவங்கள் என்பர். சமையல் உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். இவையோ பெரும்பாலும் 100 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். பல அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும். அயனிகள் பெரியவை, வடிவ ஒழுங்கு குறைந்தவை என்பதால் படிகமாக அடுக்கப்படுவது கடினம்.

இந்த வகையின் மூத்த பிள்ளைகளுள் ஒன்று எத்தில் அம்மோனியம் நைட்ரேட். ரீகா நகரில் பணியாற்றிய வேதியியலர் பால் வால்டன், அது 12 டிகிரியில் உருகுவதை 1914-ல் பதிவுசெய்தார். நீர் கலவாத உருகிய உப்பின் மின்கடத்தலைச் சாதாரண வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்பதே அவருடைய தேவை. எத்திலமீன் 17 டிகிரியில் கொதிப்பது. நைட்ரிக் அமிலம் 83 டிகிரியில் கொதிப்பது. இப்படி எளிதில் ஆவியாகும் இரண்டும் சேர்ந்தால், அறை வெப்பநிலையில் அநேகமாக ஆவியே விடாத திரவம் கிடைக்கிறது. புரோட்டான் இடம் மாறியதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

ஆனால் இந்த இடமாற்றம் ஒரு சமநிலை வினை. கொடுத்த புரோட்டானைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி எப்போதும் திறந்தே இருக்கும். ஆகவே திரவத்துக்குள் அயனிகளோடு நடுநிலை அமில, கார மூலக்கூறுகளும் ஓரளவு இருக்கலாம். ஒரு விழுக்காட்டுக்கு மேல் நடுநிலை மூலக்கூறுகள் இருந்தால் அதைத் தூய அயனித் திரவம் எனக் கொள்ளலாகாது என்று வேதியியலர்கள் மக்ஃபார்லேனும் செட்டனும் 2007-ல் முன்மொழிந்தனர்.

இடமாற்றத்தின் அளவைக் கணிக்கப் பயன்படும் எளிய கருவி, காரத்தின் இணை அமிலத்துக்கும் அமிலத்துக்கும் உள்ள, அமில வலிமையைக் காட்டும் பி.கே.ஏ. மதிப்புகளின் வேறுபாடு. இரண்டும் சம அளவில் கலந்திருக்கும்போது இந்த வேறுபாடு 2 என்றால் அயனிகளும் நடுநிலை மூலக்கூறுகளும் 10:1 விகிதத்தில் இருக்க வேண்டும். 4 என்றால் 100:1. எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இது ஏறத்தாழ 12. கணக்கு இவ்வளவு சுலபமானால் பிரச்சினையே இல்லை. அந்த மதிப்புகள் நீர்க்கரைசலில் அளக்கப்பட்டவை என்பதுதான் சிக்கல். நீரில் ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து தாங்குகின்றன. இங்கே நீர் இல்லை. இரவல் அளவுகோலால் அளப்பது போன்றதுதான் இது.

அசிட்டிக் அமிலமும் என்-மெத்தில் இமிடசோலும் கலந்த திரவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பி.கே.ஏ. வேறுபாடு 2-க்குச் சற்று மேல் என்பதால் 90 விழுக்காட்டுக்கும் அதிகமான அயனியாக்கத்தை எதிர்பார்க்கலாம். ராமன் நிறமாலையோ பெரும்பகுதி நடுநிலை மூலக்கூறுகளே எனக் காட்டுகிறது. அதனால் இதைப் போலி புரோட்டிக் அயனித் திரவம் என்போரும் உண்டு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் குழுவினர் 2003-ல், நல்ல அயனித்தன்மைக்கு வேறுபாடு 10 அளவில் இருக்க வேண்டும் என்றனர். பின்னர் ஜப்பானில் வதனபே குழுவினர் ஒரு வலிய காரத்தைக் கொண்டு செய்த ஆய்வில் 15 வரை சென்றனர். காரத்தின் வகையும் முக்கியம். முதனிலை அமீன்களின் அயனியில் நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜன்கள் மூன்று இருப்பதால், அவை எதிரயனிகளை ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்கிக்கொள்ளும். ஒரே ஹைட்ரஜன் கொண்ட மூவிணைய அமீன் அயனிக்கு அந்த வசதி குறைவு. அசிட்டிக் அமிலத்தோடு டிரைஎத்திலமீனைச் சம அளவில் கலந்தால் முழு உப்பு உண்டாவதில்லை.

புரோட்டான் இடம் மாறிவிட்டதா என்பது ஒரு கேள்வி. உண்டான அயனிகள் தனித்தனியே நகர்கின்றனவா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வது இத்துறையில் வழக்கமான தவறு. நேர், எதிர் அயனிகள் கைகோத்து இணையாகவே அலைந்தால், இடமாற்றம் முழுமையாக இருந்தும் மின்சாரம் கடத்தப்படாது. மோலார் கடத்துத்திறனைப் பாகுநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரையும் வால்டன் வரைபடம் இதைக் காட்டும். நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலுக்குரிய கோட்டுக்கு அருகே வருபவை நல்ல அயனித் திரவங்கள். மிகக் கீழே கிடப்பவை ஏழைகள். ஆனால் கீழே கிடப்பதற்கு அயனி இணைகள் காரணமா, எஞ்சிய நடுநிலை மூலக்கூறுகள் காரணமா என்பதை அந்த வரைபடம் சொல்லாது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வால் விரவல் வேகத்தை அளந்து, அதிலிருந்து கணித்த கடத்துத்திறனோடு நேரடி அளவீட்டை ஒப்பிடுவது கூடுதல் துணை, முழுத் தீர்வன்று.

புரோட்டான் எவ்வளவு உறுதியாக இடம் மாறியது என்பது பயன்பாட்டில் உடனே தெரியும். டைஎத்தில் மெத்தில் அம்மோனியம் டிரைஃப்ளேட், ஈரப்பதம் இல்லாமலே 100 டிகிரிக்கு மேல் இயங்கும் எரிபொருள் மின்கலங்களுக்காக ஆராயப்பட்டது. அங்கே புரோட்டான் உறுதியாகப் பிடிபட்டிருப்பது அவசியம். இல்லையேல் சூட்டில் அமிலமும் காரமும் ஆவியாகப் பிரிந்துவிடும். அதே பிரிவை வேண்டி நிற்கும் இடமும் உண்டு. டைமெத்திலமீனும் கரியமில வாயுவும் சேர்ந்த டிம்கார்ப் என்னும் திரவத்தைச் சுமார் 60 டிகிரியில் வடித்தெடுக்கலாம்: சூடாக்கும்போது இரண்டாகப் பிரிந்து ஆவியாகும், குளிர்ந்தால் மீண்டும் கூடும். கடுக்காய், காசுக்கட்டி போன்றவற்றிலிருந்து டானினைப் பிரித்தெடுத்தபின் கரைப்பானை இப்படித் திரும்பப் பெறலாம் என ஆய்வுகள் காட்டியுள்ளன.